தட்டியும் விடாத தாகிர்

தாகிர் போயிட்டான்.

கொஞ்ச நேரம் முன்னாடி அவன் மச்சினன் போன் பண்ணாரு. காலைல கடை ஷட்டரத் தூக்கிட்டு அங்கனயே நெஞ்சப் பிடிச்சு உக்காந்திருக்கான். ஆஸ்பத்திரி போய்ச் சேரல...

விருதுநகர்ல அட்டைப்பெட்டி வியாபாரம் பண்ண அபுதாகிரை அங்க பாதிப்பேருக்குத் தெரியும். அவன் ஜியு-ஜிட்சு சண்டை போடுவான்ங்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏன்னா அவன் போட்டதெல்லாம் என்மேலதான்.

பிரவுசிங் சென்டர் காலம் அது. ஒரு வீடியோ டவுன்லோட் ஆகுறதுக்குள்ள டீயும் வடையும் முடிச்சு ஒரு தூக்கமும் போட்டுறலாம். அப்படி இறக்குன வீடியோவ சிடில போட்டுக் கொண்டாந்தான்.

வெள்ளை டிரஸ் போட்ட ரெண்டு பிரேசில்காரங்க தரையில கட்டி உருளுறாங்க. அடி இல்ல, உதை இல்ல.

"இது என்ன எளவுலே?"ன்னேன்.

"சும்மா பாருலே. நம்மள மாதிரி நோஞ்சானுக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க."

"உன்ன மாதிரின்னு சொல்லு."

நான் அப்ப ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனில பேக்கிங். அவன் எங்களுக்குப் பெட்டி லோடு கொண்டு வர்றவன். ஞாயித்துக்கிழமை ஆனா அவங்க குடோன்ல அட்டைய விரிச்சு, மேல தார்ப்பாயப் போட்டு, ஆரம்பிச்சிருவோம். கம்ப்யூட்டர்ல பாக்க, நிறுத்த, உருள... மறுபடியும் பாக்க.

ஸ்பீக்கர் கிடையாது. இருந்திருந்தா மட்டும் அந்த இங்கிலீஷ் புரிஞ்சு கிழிச்சிருப்போமாக்கும்.

அதுல ஒரு விசயம். கழுத்துல பிடி வாங்குனவன், பிடிச்சவன் கையில ரெண்டு தட்டு தட்டுவான். நம்ம ஊர் கபடில நல்ல பிடி பிடிச்சா முதுகுல தட்டிக் கொடுப்போம்ல... அதான்னு முடிவு பண்ணிட்டோம்.

தாகிர் பின்னாடி இருந்து என் கழுத்தப் பூட்டுனான். பிரமாதமான பிடி. தட்டுனேன். பயபுள்ள சந்தோசத்துல இன்னும் இறுக்குனான். ஐயோன்னு பலமாத் தட்டுனேன். அவன் இன்னும் இறுக்க...

முழிச்சுப் பாத்தா என் நெஞ்சுல படுத்து அழுதுக்கிட்டு இருக்கான். "ஏலே மாரி, கண்ணத் தொறலே, யா அல்லா, கண்ணத் தொறலே"ங்கிறான்.

தண்ணி குடிச்சிட்டு சிடிய முதல்ல இருந்து பாத்தோம். அப்பதான் உறைச்சுது. தட்டுனதும் மேல இருக்கவன் விட்டுர்றான்! ஒவ்வொரு தடவையும்! அது பாராட்டு இல்லடா பாவி, "போதும், விட்டுரு"ங்கிறது.

அன்னைக்கு சத்தியம் பண்ணான். தட்டுனா விட்டுருவேன், எந்த நிலைமைலயும் விட்டுருவேன்னு. அதுக்கப்புறம் என் கை தெரியாம அவன் மேல பட்டாக்கூட விட்டுட்டு எந்திரிச்சிருவான்.

ஒரே ஒரு தடவ விடல.

தீபாவளி சீசன். பெட்டி லோடு இறக்கிக்கிட்டு இருந்தோம். என் தம்பி குமார் அதே கம்பெனில வெடிமருந்து ரூம்ல இருந்தான். அவனுக்குக் கலியாணம் பேசி முடிச்சிருந்த நேரம்.

ஒரு சத்தம். தரை ஆடுச்சு. மருந்து ரூம் பக்கம் புகை.

வெடிச்சா வேலியப் பாத்து ஓடு, திரும்பிப் பாக்காதன்னு வேலைக்குச் சேர்ற அன்னைக்கே சொல்லிருவாங்க. அம்புட்டுப் பேரும் வேலியப் பாத்து ஓடுறாங்க. நான் புகையப் பாத்து ஓடுனேன்.

பின்னாடி இருந்து என்மேல விழுந்தான் தாகிர். ரெண்டு காலையும் என் இடுப்பச் சுத்திப் போட்டு, கைய நெஞ்சுக்குக் குறுக்க பூட்டி, அப்படியே மண்ணுல சாச்சுட்டான். எத்தன ஞாயித்துக்கிழமை போட்ட பிடி. அதுல இருந்து எப்படி வெளிய வரணும்னு எனக்கும் தெரியும். வர முடியல. அன்னைக்கு அவனுக்கு அம்புட்டு பலம் எங்கன இருந்து வந்துச்சோ.

"விடுலே, குமார் உள்ள இருக்கான்லே!"

பிடி இன்னும் இறுகுச்சு. அவன் மூச்சு என் காதுல இரைக்குது.

அவன் கைய கடிச்சேன். கெட்ட வார்த்தைல திட்டுனேன். அவன் மதத்த இழுத்துத் திட்டுனேன். அப்புறம்... தட்டுனேன். அவன் கையில தட்டுனேன், தொடைல தட்டுனேன், தரையில தட்டுனேன்.

"தெரியுது மாப்ள"ன்னான். "தெரியுது... விட மாட்டேன்."

அடுத்த ரூம் போச்சு. அதுக்கடுத்ததும் போச்சு. ஓடு எல்லாம் எங்க மேல வந்து விழுந்துச்சு. என்னக் கவுத்துப் போட்டு மேல படுத்துக்கிட்டான்.

குமார் வரல.

தாகிர் எங்க வீட்டுக்கு வந்து தெருவுல நின்னான். உள்ள வர பயம். ரெண்டு கையிலயும் கட்டு. எங்க அம்மா வெளிய வந்து அவனையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"ஒருத்தனத்தான் பிடிக்க முடிஞ்சுதாய்யா உனக்கு?"

அவன் அப்படியே தரையில உக்காந்துட்டான். நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன்.

அதுக்கப்புறம் நாங்க பழகாம இல்ல. என் கலியாணத்துல முன்ன நின்னு பந்தி பாத்தது அவன்தான். என் மகளுக்கு காது குத்துறப்ப அவன் பொண்டாட்டி பாத்திமாதான் மடியில வச்சிருந்துச்சு. ஆனா அந்த குடோனுக்கு நாங்க திரும்பப் போகல. அந்த நாளப் பத்தி ஒரு வார்த்த பேசல.

அவன் மட்டும் என்ன விட்டிருந்தா குமார இழுத்துட்டு வந்திருப்பேனா, இல்ல நானும் சேந்து போயிருப்பேனா... தெரியல. நேத்து வரைக்கும் தெரியல. இன்னைக்கும் தெரியல.

அவன்மேல கோபம் போச்சான்னு கேட்டீகன்னா, போகல. இனி அத நான் யார்கிட்ட கொண்டு போய் வைக்க?

சாத்தூர் தாண்டி பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்குறாங்களாம்.

நான் வந்து உன் முகத்தப் பாக்கணும் தாகிரு. கொஞ்சம் இருலே மாப்ள... வந்துட்டேன்.