கன்னி மூலைக் கேட்டின் சாவி

எங்கள் ஆபீஸ் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் இருந்தவரை நடப்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடை, பூக்கடை, ஜெராக்ஸ் கடை, அதற்கு மேலே நாங்கள். பிறகு முதலாளி பைபாஸில் இடம் வாங்கிக் கண்ணாடி பதித்த சொந்தக் கட்டடம் கட்டினார். பால் காய்ச்சிய அன்று எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். கார் நிற்க, பைக் நிற்க என்று தரையில் மஞ்சள் பெயின்டில் கோடு போட்டிருந்தார்கள். நடந்து வருகிறவர்களும் உண்டு என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. எனக்கும் அன்று வரவில்லை, கேசரி நன்றாக இருந்தது.

டவுன் பஸ் ஒரு சுற்று வந்து ஊருக்குத் திரும்பும். காலையில் இறங்குவதும் மாலையில் ஏறுவதும் ஒரே இடத்தில்தான், காம்பவுண்டின் தென்மேற்கு மூலையில். அங்கே ஒரு சின்ன கேட்டும் இருக்கிறது. அதில் நுழைந்தால் இருபது எட்டில் ஆபீஸ் வாசல். ஆனால் கன்னி மூலையில் வழி திறந்தால் தொழில் படுத்துவிடும் என்று வாஸ்து பார்க்க வந்தவர் சொல்லிவிட்டார். தீயணைப்புக்குக் கொடுத்த வரைபடத்தில் அந்த கேட் இருந்ததால் செங்கல் வைத்து அடைக்க முடியவில்லை, பூட்டு போட்டார்கள். காலி மனையையும் சேர்த்து வளைத்த சுவரைச் சுற்றி, நாங்கள் வடகிழக்கில் இருக்கும் பெரிய கேட்டுக்குப் போக வேண்டும். நல்ல காலுக்கே பத்து நிமிஷம் ஆகும். ஒரு பக்கம் சுவரும் கருவேல முள்ளும், இன்னொரு பக்கம் ஜல்லி லாரி.

அக்காவுக்கு ஒரு கால்தான் நல்ல கால். எனக்கு எதிர் மேசையில் டேட்டா என்ட்ரி பார்த்தவர் அவர். ஆபீஸில் எல்லோருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. பழைய ஆபீஸில் எங்களுக்கு முன்னால் வந்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வாஸ்து விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். மாதாவே வந்தாலும் சுத்தித்தான் வரணும்போல என்றார்.

வருகைப் பதிவைப் பார்ப்பது என் வேலை. விரல் வைக்கும் மெஷினில் ஒன்பதரைக்கு மேல் போனால் லேட். மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவு கழியும். முதல் மாதம் நான் அக்காவோடு சேர்ந்து மெதுவாக நடந்தேன், எனக்கும் லேட் விழுந்தது. இரண்டாம் மாதம், நீ முன்னால போ என்று அவரே சொன்னார். நான் போனேன். முதல் இரண்டு நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை. ஒன்பது இருபத்தெட்டுக்கு விரலை வைத்துவிட்டு, ஒன்பது நாற்பதுக்கு அவர் பெயரை லேட் லிஸ்டில் சேர்ப்பேன். நாங்கள் வரும் பஸ்ஸுக்கு முந்தினதைப் பிடிக்க அவர் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்று சக்கர ஸ்கூட்டருக்குக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருந்தார், அது வருகிறபோது வரட்டும் என்று இருந்தார்.

மேனேஜரிடம் நான் ஒரு தடவை சொல்லத்தான் செய்தேன். அவர் காரில் வருகிறவர். நாலு எட்டுதானே என்றார்.

தீயணைப்பிலிருந்து சோதனைக்கு வந்த அன்று மேனேஜர் ஒரு சாவியைக் கொடுத்து, சின்ன கேட்டைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்து காட்டினேன். அவர்கள் போனதும் பூட்டினேன். சாவியை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்ன மேனேஜர், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும், முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே உனக்குக் கடைசி நாள் என்றும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு அதை டிராயரில் போட்டேன்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் அந்தச் சாவி ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. மழை நாட்களில் அக்கா முழங்கால் வரை சேற்றோடு வந்து எதிரே உட்காருவார். நான் டிராயரைத் திறந்து பின்னை எடுத்துக்கொண்டு மூடுவேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும், ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு வாய் இருக்குமே, அப்படி இருந்தது.

தை மாதம் அவருக்கு மெமோ வந்தது. டைப் அடித்தவள் நான்தான். இனி லேட் ஆனால் வேலை இல்லை என்று அதில் இருந்தது. அக்கா படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். மறுவாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கடைசி நாள் நாலு மணிக்குச் சாப்பாட்டுப் பையும் குடையுமாக என் மேசைக்கு வந்தார். மேனேஜர் அறையில் இல்லை. நான் டிராயரைத் திறந்து சாவியை எடுத்தேன்.

"இப்படியே போயிருங்க அக்கா. நான் தொறந்து விடுறேன்."

அவர் சாவியைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"உள்ள வையி. ஒங்கிட்டதான் இருக்குன்னு அன்னைக்கே பாத்தேன். கேட்டா நீ குடுத்துருவே. அப்பறம் ஒனக்கும் வேலை போயிரும். அதான் கேக்கல."

கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சரிங்க அக்கா என்றேன்.

அவர் பெரிய கேட் வழியாகவே போனார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே குடை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் இறங்கி ஏறிக்கொண்டு வந்தது. மூலையில் பஸ் வந்து நின்றது. யாரோ இரண்டு பேர் ஏறினார்கள், பஸ் கிளம்பிவிட்டது. குடை அப்போது பாதிச் சுவர்கூடத் தாண்டியிருக்கவில்லை. நான் டிராயரை மூடிவிட்டு, மெஷினிலிருந்து அவர் விரலை நீக்கும் வேலையை ஆரம்பித்தேன்.