ஐரினி எங்கே?

பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் முதலில் சிரிப்பவள் நான்தான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ரத்தம் பார்க்கிற வேலை, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தெரியாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் எலேனி. அப்பா மன்னார்க்காரர், கப்பலில் வேலை செய்தவர். கிரீஸில் ஒரு துறைமுகத்தில் அம்மாவைக் கண்டு, கலியாணம் கட்டி, அங்கேயே கொஞ்சக் காலம் இருந்தார். எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா இறந்துவிட அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்கு வந்துவிட்டார். அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பெயரும் மூக்கும் மட்டும்தான். அவரைப்பற்றிக் கேட்டால் அப்பா எழும்பி வெளியே போய்விடுவார். நானும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வருடம் ஒரு பயிற்சிக்காக லண்டன் வந்து மிச்சம் என்கிற பகுதியில் மாமி வீட்டில் தங்கினேன். மாமி அப்பாவின் தங்கை. ஒருநாள் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள், என்ன மொழியென்று தெரியாமலே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டால் கிரேக்கம். அடுத்த கிழமையே வடக்கு லண்டனில் சனிக்கிழமை வகுப்பொன்றில் சேர்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுத்தைத் தாண்டி ஒன்றும் ஏறவில்லை. சைப்ரஸ்காரியான டீச்சர் பாவம், பொறுமைசாலி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிரேக்கக் கிறிஸ்தவக் கோயிலுக்கு வந்து சும்மா கேட்டுக்கொண்டிரு, காது பழகும் என்றார்.

மாமி தினமும் பூசை காண்கிற கத்தோலிக்கப் பெண், இது என்ன புதுக் கோயில் என்று முணுமுணுத்தாலும் என்னைத் தனியே விட மனமில்லாமல் செபமாலையோடு கூட வந்தார். பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது, நல்ல பகல் வெளிச்சம், யன்னலால் வெயில்கூட விழுந்தது. மாமி என் வலப்பக்கம். இடப்பக்கம் கறுப்பு முக்காடு போட்ட ஒரு அம்மா வந்து இருந்து என் கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது, இப்போதுதான் கழுவிவிட்டு வந்ததுபோல.

"வந்திட்டியா பிள்ளை? ஐரினி எங்க?" என்றார்.

தமிழில். எங்கள் மன்னார்த் தமிழில். எனக்கு அது கொஞ்சம்கூட ஆச்சரியமாகப் படவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. எனக்குத் தெரியாது, நான் தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவர் திரும்பத் திரும்ப ஐரினி எங்கே என்று கேட்டார், நானும் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பிறகு கையை விட்டுவிட்டுப் பக்கக் கதவால் போய்விட்டார்.

திரும்பினால் மாமியின் முகத்தில் ரத்தமில்லை.

"நீ எப்பயடி இவ்வளவு கிரேக்கம் படிச்சனி?"

அந்த அம்மா தமிழில்தானே கேட்டார் என்றேன். மாமி அடித்துச் சொன்னார், இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை என்று. வெளியே நடைபாதையில் நின்று சண்டையே போட்டோம். மாமி விளையாட்டுக்கும் பொய் சொல்கிறவர் இல்லை.

அன்று பின்னேரம் அப்பாவுக்கு ஃபோன் எடுத்து, ஐரினி என்று யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அப்பா திருப்பிக் கேட்டார்.

"இந்தப் பேரை உனக்கு ஆர் சொன்னது?"

பிறகு அழுதார். அப்பா அழுது நான் கேட்டதேயில்லை. ஐரினி என்னோடு கூடப் பிறந்தவள், நாங்கள் இரட்டையாம். நாலு பேருமாக ஒரு தீவுக்குப் போகும்போது சின்ன வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. அம்மா மேலே வரவேயில்லை.

"ரெண்டு கையிலயும் ரெண்டு பேர் இருந்தனீங்கள், பிள்ளை. ஒரு கை வழுக்கிட்டுது."

இதை அவர் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கூடப் பிறந்த மாமிக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை மாமியும் என்னோடு வந்து டீச்சரிடம் அந்த அம்மாவைப்பற்றி விசாரித்தார். கோயிலுக்கு வருகிற எல்லாரையும் எனக்குத் தெரியும், அப்படி ஒருவர் இல்லை என்றார் டீச்சர். அப்போதுதான் மாமி சொன்னார், நான் அன்று ஒரே ஒரு வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேனாம், அது காதை விட்டுப் போகவில்லையாம். "மி மஃபீனிஸ், மி மஃபீனிஸ்" என்று சொல்லிக் காட்டினார். டீச்சர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு மெதுவாக, "என்னை விட்டுவிடாதே" என்று அர்த்தம், சின்னப் பிள்ளைகள் சொல்வது என்றார்.

எனக்குத் தெரியாது, நான் தனியாகத்தான் வந்தேன். நான் சொன்னது இதுதான், எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

வருகிற மாதம் பயிற்சி முடிந்து மன்னாருக்குப் போகிறேன். அப்பாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், அந்த வசனத்தைத் தவிர. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஃபோன் எடுப்பார். கதைத்து முடித்து, "சரி பிள்ளை, வைக்கிறன்" என்று அவர் சொல்லும்போது என்னைக் கேட்காமலே உதடு இரண்டும் 'மி' என்று சொல்ல ஒட்டுகின்றன. அது வெளியே வருவதற்குள் நானே ஃபோனை வைத்துவிடுகிறேன்.