இட்லிப் பானையில் வெந்த சியாக்காப்

கிழக்குத் தாம்பரத்தில் மீன் வாங்கப் போனால், என்ன மீன் என்று கேட்பதற்கு முன்பே எத்தனை துண்டு என்று கேட்கிறார்கள். வெட்ட வேண்டாம், தலையோடு முழுதாக வேண்டும் என்றேன். மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முழுசாவா? இன்னா சார், மீனுக்கு மாப்ள பாக்கப் போறியா?" செதிலையும் குடலையும் மட்டும் எடுத்துத் தந்தார். கொடுவா மீன். மலேசியாவின் ஈப்போவில் நாங்கள் சியாக்காப் என்போமே, அதேதான்.

மீன் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு. இந்த ஊரில் பிறந்து, என்னை மணந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் ஈப்போவில் இருந்தவள். நில அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்றதும் அவள் விருப்பப்படி இங்கே வந்துவிட்டோம். அவளுக்கு இதய அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எண்ணெயையும் உப்பையும் குறைக்க எழுதிக்கொடுத்த மருத்துவர் பசிக்கு ஒன்றும் எழுதித் தரவில்லை. நான்கு கரண்டிக் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. இப்படியே எடை குறைந்தால் மறுபடி மருத்துவமனைதான் என்று எச்சரித்திருந்தார். அன்று காலை அவளே, "அந்த ஸ்டீம் மீன் இருந்தா ஒரு வாய் சாப்பிடுவேங்க" என்றாள்.

செய்முறை எனக்கு மனப்பாடம். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே மீன் உள்ளே போக வேண்டும். பத்து நிமிடம். தட்டில் தேங்கும் கவிச்சி நீரை இரக்கமின்றிக் கொட்டிவிட வேண்டும். சாறு பிழிவது இறக்கிய பிறகுதான், கொதித்தால் கசக்கும். லீமாவ் கஸ்தூரிக்குப் பதில் எலுமிச்சை, மணத்துக்கு நாரத்தை இலை. எல்லாம் இருந்தது, பெரிய பானைதான் இல்லை.

பக்கத்து வீட்டு கிரேசி டீச்சரிடம் இட்லிப் பானை கேட்டேன். "அக்கா இட்லி சாப்பிடறாங்களா? ஸ்தோத்திரம்!" என்று ஒரு கிண்ணம் மாவையும் சேர்த்துக் கொடுத்தார். இங்கே எதைக் கேட்டாலும் கூடவே ஒன்றைத் தருவார்கள். மாவையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொண்டேன். ஈப்போவில் எங்கள் வீட்டில் ஆவிப் பானை ஒன்றுதான். காலையில் சீனர்களின் பாவ் ரொட்டி, மாலையில் மீன்.

நான் மூடியைத் திறந்த நேரம் டீச்சர் சட்னியோடு வந்து நின்றார். பானைக்குள்ளிருந்து மீன் அவரைப் பார்த்தது.

"சார்! இட்லிப் பானையில மீனா?"

"நீங்களும் மீன் சாப்பிடுவீங்களே, டீச்சர்?"

"சாப்பிடுவோம் சார், அதுக்குன்னு இதுலயா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு அம்பது இட்லி இதுலதான் வேகணும். போதகர் ஐயருக்கு என்னன்னு சொல்லுவேன், மீன் இட்லின்னா?"

எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத விதி. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் படுக்கையறையில் சிரிப்புச் சத்தம். தையல் வலிக்காமலிருக்கத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டெல்லா சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. "அவரத் திட்டாத கிரேசி. மொதல்ல மீனக் கொண்டாங்க."

ஒரு வாய் தின்றாள். பிறகு கன்னச் சதையைத் தோண்டித் தின்றாள். பிறகு சோறு கேட்டாள். சட்னிக் கிண்ணத்தோடு நின்ற டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "பானை இங்கயே இருக்கட்டும் சார். நான் வேற வாங்கிக்கறேன்." இதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த படிவம் எதுவும் இல்லை.

டீச்சரும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். "காரமே இல்லையே அக்கா! எப்படி எறங்குது?"

"எங்க ஊர்ல இப்படித்தாம்மா" என்றாள் ஸ்டெல்லா.

ஈப்போவில் இருந்த காலமெல்லாம் அவள் 'எங்க ஊர்' என்றது தாம்பரத்தைத்தான். இப்போது கரண்டி பிடித்த கை தானாக ஜன்னல் பக்கம், எங்கோ தூரத்தைக் காட்டி நீண்டது. அவள் பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளி, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.