கழற்றி வைத்த கிளட்ச் கேபிள்

எங்கள் வீட்டின் பக்கவாட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வெள்ளை நிற மாருதி 800 ஒன்று நிற்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இப்போது அதற்கு முப்பது வயது நெருங்குகிறது. அந்த வண்டியை ஒன்பது வருடம் என் கையாலேயே பழுது பார்த்தேன். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள். நான் பழுது பார்க்கத் தொடங்கிய நாளில் அதில் பழுது எதுவும் இல்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

என் மனைவிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிப்பரைத் தொடை வரை கட்டிக்கொண்டுதான் நடப்பாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். நான் கடலூரிலேயே இயற்பியல் கற்பித்தேன். தினமும் காலையில் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சிதம்பரம் பேருந்து ஏற்றிவிடுவேன். அவள் கம்பியைப் பிடித்து, வலது காலைப் படியில் வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் அந்த ஒரு காலில் தாங்கி, இடது காலை இழுத்து மேலே வைப்பாள். அப்புறம் நான் பையைத் தூக்கிக் கொடுப்பேன். பேருந்து கிளம்பும் வரை நிற்பேன். மாலையில் மறுபடி போய் நிற்பேன்.

இதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. "சார் மாதிரி ஒரு மனுஷனைப் பாக்க முடியாது" என்று பூக்கடைக்காரம்மா சொல்வார். திருக்குடும்பத் திருநாளில் ஒருமுறை எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், "தினமும் மனைவியின் பையைச் சுமக்கும் ஒரு கணவர் நம் பங்கில் இருக்கிறார்" என்றார். எங்கள் பெஞ்சை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நிமிர்வு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கார் அவளுடைய ஆசை. நூலகத்துக்கு வந்த ஒரு பத்திரிகையில், கால் முடியாதவர்கள் கையால் கிளட்ச் இழுத்து ஓட்டும் கார்களைப் பற்றி ஒரு கட்டுரை இருந்ததாம். அதை ஜெராக்ஸ் எடுத்து வந்து என் முன் வைத்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது.

"பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வலது கால் போதும். கிளட்ச்சுக்குத்தான் இடது கால் வேணும். அதைக் கைக்கு மாத்த முடியுமாங்க?"

முடியும் என்றேன். அந்த மாருதியை வாங்கி, நான்கு மாதத்தில் செய்தும் முடித்தேன். முதலில் மொபெட் பிரேக் பிடியைக் கியர் தண்டில் மாட்டிப் பார்த்தேன். இழுக்கும் தூரம் போதவில்லை. பிறகு இரும்புப் பட்டையை வளைத்து நீளமான பிடி ஒன்று செய்தேன். ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கேபிளைத் திருப்பிவிட ஒரு சிறு உருளை கடைந்து வாங்கினேன். பிடியை விரல்களால் நெருக்கினால் கிளட்ச் விலகும். அதே கையால் கியரையும் தள்ளலாம். நெம்புகோல் கணக்கை வகுப்பில் எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அது ஒரு மனுஷிக்கு உதவியது அப்போதுதான். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு பொட்டலில் ஓட்டப் பழகினாள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியை மந்திரிக்கச் சாமியாரைக் கேட்டிருந்தோம். வீட்டிலிருந்து கோயில் வரை அவளே ஓட்டினாள். சாமியார் பானட்டிலும் ஸ்டியரிங்கிலும் தீர்த்தம் தெளித்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் என் மச்சினன், அவளுடைய தம்பி, முதலில் ஆரம்பித்தான்.

"மாமா, இனிமே கதவைத் திறந்து வுடற வேலைதான் உங்களுக்கு!"

பாடகர் குழுவில் இருந்த ஒருவர் விடவில்லை. "சார், ஸ்கூட்டரை வித்துடுங்க. பை தூக்கறதுக்கு இனிமே ஆள் தேவையில்ல."

"சாருக்கு வி.ஆர்.எஸ். குடுத்தாச்சு" என்றார் சாமியார்.

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "பாவம், அவுரை வுடுங்க. பின் சீட்ல உக்கார வெச்சுக் கூட்டினு போறேன்."

நானும் சிரித்தேன். எல்லோரும் நல்ல மனதோடு பேசிய கேலிதான். ஆனால் ஊரில் எனக்கு இருந்த நல்ல பெயர் முழுவதும் அந்தப் பேருந்துப் படியில் இருந்தது. அது அன்றோடு தீர்ந்தது என்பதை அந்தச் சிரிப்புக்கு நடுவில் புரிந்துகொண்டேன்.

அங்கிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை ஓட்டினாள். மூன்றாவது கியர் போட்டபோது கண்ணாடிக்கு வெளியே பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். திரும்பி வரும்போது பாலத்துத் திருப்பத்தில் ஒருதடவை கியர் கரகரத்தது.

"ஒண்ணும் ஆயிடலியே?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல" என்றேன். அது உண்மை.

திங்கள் மாலை சொன்னாள்: "புதன்கெழம நானே சிதம்பரத்துக்கு ஓட்டிட்டுப் போறேங்க. நீங்க லீவு போட்டுக் கூட வர வேணாம்."

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். பானட்டைத் திறந்து, கையால் இழுக்கும் அந்தக் கேபிளைக் கழற்றினேன். புதுக் கேபிள். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. அதை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டினேன். அப்புறம் பிடியையும் உருளையையும் கழற்றினேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. ஸ்பானரைச் சரியான அளவு பார்த்துத்தான் எடுத்தேன்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"கேபிள் இழை வுட்டிருக்கு. ஞாயித்துக்கெழம நீ கொஞ்சம் ஜாஸ்தியா இழுத்துட்ட போல. பத்து நாள்ல சரி பண்ணிடறேன்."

அவள் தன் இடது கையை விரித்துப் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கை விரிந்ததை நான் பார்த்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை காலை அவளை ஸ்கூட்டரில் ஏற்றி, பேருந்துப் படியில் ஏற்றி, பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் ஒன்பது வருடம் ஆனது. நான் சும்மா இருந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தினமும் மாலையில் அந்த வண்டியின் கீழே படுத்திருந்தேன். கேபிளைக் கழற்றியதை மறைக்கக் கார்புரேட்டரைக் கழற்றினேன். அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்ததால் சிலிண்டர் தலையைத் திறந்து வால்வுகளைத் தேய்த்தேன். நான்கு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தினேன். அது உட்காரத் தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டி வந்தது. முன்சக்கர டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் மாற்றினேன். உப்புக்காற்று தரைத்தகட்டைத் தின்றது. அதை மட்டும் நான் செய்யவில்லை. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் கொட்டகைக்குள் முழங்கால் அளவு வந்து இஞ்சினுக்குள் சேறு போனது. தெருவே அழுதுகொண்டிருந்தது. எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இரண்டு வருடத்துக்குப் போதுமான வேலை கிடைத்துவிட்டது.

வேலை எனக்குப் பிடித்தும் போனது. ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்ற பிறகு பகல் முழுக்கக் கொட்டகையில்தான் இருந்தேன். அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டு, "இதுல நாங்க கை வைக்க மாட்டோம் சார், இது உங்க டிசைன்" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். மனைவிக்காக ஒருவன் எப்படி உழைக்கிறான் பார் என்ற பெயரும் சேர்ந்தது.

மச்சினன் ஒருதடவை வந்து கொட்டகையில் குந்தி உட்கார்ந்தான்.

"மாமா, கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி இப்ப சின்னதாவே வந்துடுச்சு. நானும் கொஞ்சம் போடறேன். அக்காவுக்கு வாங்கிடலாமா?"

"இது முடியப்போவுது மச்சான். பத்து நாள்."

"நீங்க சொல்ற பத்து நாளுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன் மாமா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து, வீட்டுக்குள் போய் அக்காவையும் கேட்டான். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக வெளியே வந்து சொன்னான். எனக்கு நல்லதாகப் போயிற்று. ஏன் வேண்டாம் என்றாள் என்று நான் கேட்கவில்லை.

தவக்காலம்தோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். "பொய் சொன்னேன் சாமி" என்பேன். "எத்தனை தடவை?" என்று கேட்பார்கள். "சில தடவை" என்பேன். பாவம் மன்னிக்கப்பட்டு வீடு திரும்பி மறுபடி ஸ்பானரை எடுப்பேன்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயதில் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் தைலம் தேய்த்தோம். பிறகு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார். "இந்தக் கால்தான் இத்தனை வருஷமா ரெண்டு காலுக்கும் உழைச்சிருக்குது. படி ஏர்றதை முன்னாடியே குறைச்சிருந்தா இன்னும் கொஞ்ச காலம் வந்திருக்கும். தினமும் பஸ்ஸா?" என்றார்.

"ஆமாம் டாக்டர்" என்றாள் அவள். நான் அந்த எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டில் அவளும் ஓய்வு பெற்றாள். அந்த மாதமே ஆணியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். அதே கேபிள். எண்ணெய் விட்டு, பிடியையும் உருளையையும் பழைய இடத்தில் மாட்டினேன். ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. இஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்தது. அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். கிளட்ச்சைச் சுலபமாக நெருக்கினாள். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வலது காலைத் தூக்கி வைத்தாள், அழுத்த முடியவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் கீழே தள்ளிப் பார்த்தாள்.

"வேணாங்க. வலிக்குது" என்றாள்.

பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும்கூடக் கைக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். அவள் இறக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள். அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் ஊன்றுகோலில் தொங்கித் தொங்கித் தோள்களும் தேய்ந்து, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள்.

அது நடந்து பத்து வருடம் ஆகிறது. பேட்டரி செத்துவிடாமல் இருக்க ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து இஞ்சினைக் கால்மணி நேரம் ஓட விடுவேன். அவள் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகக் கேட்பாள், "பிடிச்சுதா?" "பிடிச்சுது" என்பேன்.

இந்தத் தவக்காலத்தில் சாமியாரிடம் போவதற்கு முன் அவளிடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கேபிள்ல இழை எதுவும் வுடல. நல்லாத்தான் இருந்துது. நான்தான் கழட்டினேன்" என்றேன்.

"எப்போ?"

"வண்டியை மந்திரிச்சதுக்கு அப்புறம், அந்தச் செவ்வாக்கெழம."

நறுக்குவதை நிறுத்தவில்லை. நறுக்கியதை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். "நான் ஜாஸ்தியா இழுத்துட்டேன்னு சொன்னீங்களே?"

"பொய்."

"அப்போ அன்னிக்கு நான் நல்லாத்தான் ஓட்டினேனா?"

"நல்லாத்தான் ஓட்டின."

"பாலத்துத் திருப்பத்துல கரகரன்னுச்சே?"

"அது எல்லாருக்கும் ஆவும். எனக்கும் ஆவும்."

கத்தியை முறத்தில் வைத்தாள். "தம்பி ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கித் தரேன்னு வந்து கேட்டான். அதையும் கெடுத்துடுவேன்னுதான் வேணாம்னேன்" என்றாள். பிறகு இடது கையை முறத்துக்கு மேல் விரித்துப் பார்த்தாள்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். பேருந்துப் படி, பூக்கடைக்காரம்மா, பிரசங்கம், கோயில் வாசலில் அந்தச் சிரிப்பு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. கத்தியை மறுபடி எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் இஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். முதல் சாவியிலேயே பிடித்தது. "பிடிச்சுதா?" என்ற குரலுக்காகத் திரும்பினேன். சக்கர நாற்காலி ஜன்னலை நோக்கி நகரும் சத்தம் கேட்டது. கை மட்டும் வெளியே வந்து, முதலில் ஒரு கதவையும் பிறகு மற்றதையும் சாத்தியது. அதற்கப்புறம் ஞாயிறுதோறும் நான் சாவியை எடுக்கும் முன்பே அந்த ஜன்னல் சாத்தியிருக்கிறது.