சென்னியம்மாள் பையில் இருந்த நெட்

தாராபுரத்தில் தம்பிதுரையின் மாட்டுத்தீவனக் கடைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டுதான் போவார்கள். பருத்திக்கொட்டை கேட்டால் உடனே மூட்டையில் கை வைக்கிற ஆள் இல்லை அவர். மாடு கறவையா, சினையா, போன முறை என்ன போட்டீர்கள், பால் ஏறியதா என்று ஒரு சுற்று விசாரித்துவிட்டுத்தான் தராசுப் பக்கம் திரும்புவார். தான் ஒன்றை வாங்கப் போனாலும் இதே கதைதான். ஒரு மின்விசிறி வாங்குவதற்குள் தாராபுரம், உடுமலை, பல்லடம் என்று மூன்று ஊர்க் கடைகளில் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் முதலில் பார்த்த கடையிலேயே வாங்கி வருவார்.

அவருடைய நடையும் ஊருக்குத் தெரிந்ததுதான். குனிந்த தலை நிமிராமல், எதிர்க்காற்றில் போகிறவர் மாதிரி விரசாகப் போவார். மனைவி சென்னியம்மாள் பின்னால் வருவார். கல்யாணம், காதுகுத்து, சந்தை என்று எங்கே போனாலும் புறப்படும்போதே அன்றைக்கு அவர் போட்டிருக்கும் சட்டையின் நிறத்தை மனதில் வைத்துக்கொள்வது சென்னியம்மாளின் பழக்கம். கூட்டத்தில் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார். இதில் அவருக்குக் கோபமெல்லாம் கிடையாது. சிலர் குறட்டை விடுவார்கள், இவர் முன்னால் போவார், அவ்வளவுதான்.

இவர்களுடைய ஒரே மகள் லோகப்பிரியா ஜப்பானில், ஒசாகாவில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன சித்திரையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டாள். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஒசாகா. பாஸ்போர்ட், விசா எல்லாம் தடையில்லாமல் முடிந்தது. தம்பிதுரைக்குத் தூக்கம் போனது செல்போனை நினைத்துத்தான்.

கடையில் கேமரா வைத்திருந்தார். தங்கை மகன் நஞ்சுண்டனைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அங்கே போயும் கேமராவில் கடையைப் பார்க்க வேண்டும், காலையில் வாட்ஸ்அப்பில் வரும் புண்ணாக்கு விலையைப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் நெட் வேண்டும். ஆனால் வெளிநாட்டில் நெட் என்றாலே அவருக்குப் பயம். பங்காளி நஞ்சப்பன் ஒருமுறை மலேசியாவுக்குப் போனபோது டேட்டாவை நிறுத்தாமல் போய், திரும்பி வந்ததும் போன் பில்லைப் பார்த்து இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் மாசாணத்திடம் போனார்.

"உங்க போனுக்கு இ-சிம் ஏறாதுங்க. கொஞ்சம் பழைய மாடல்" என்றார் மாசாணம். "மிச்சம் மூணு வழி இருக்குதுங்க. நம்ம சிம்முலயே ரோமிங் பேக் போட்டுக்கலாம். நிம்மதி, ஆனா காசு சாஸ்தி. இல்லீன்னா அந்த ஊரு டேட்டா சிம் வாங்கிப் போட்டுக்கலாம். அதுல நெட் மட்டுந்தான் வரும், போன் நம்பரு இருக்காது. வாட்ஸ்அப்புல பேசிக்கலாம்."

"மூணாவது?"

"பாக்கெட் வைஃபைனு சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு வாடகைக்குக் குடுக்கறாங்க. அதை ஒருத்தர் வெச்சிருந்தாப் போதும். பக்கத்துல இருக்கற அத்தன போனுக்கும் நெட் கிடைக்கும்."

தம்பிதுரையின் முகம் தெளிந்தது. "அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும்?"

"போதுமுங்க. ஆனா ஒட்டுக்காவே இருக்கோணும். கொஞ்சம் தள்ளிப் போனா நெட் அந்துபோகும்."

அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் உடுமலையில் ஒரு கடை, கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடை என்று விசாரித்தார். ஜப்பானிலிருக்கும் மகளையும் விடவில்லை.

"ஆளுக்கொரு சிம் வாங்கிக்கலாங்ப்பா. நான் வாங்கி வெச்சிடறேன்."

"ஒரே ஊட்டுல இருக்கற ரெண்டு பேருக்கு எதுக்குக் கண்ணு ரெண்டு? அந்த டப்பாவயே சொல்லிப்போடு."

"ரோமிங் பேக்காச்சும் சின்னதா ஒண்ணு போட்டு வைங்கப்பா, அவசரத்துக்கு."

"அதெல்லாம் வேணாம்" என்றார். நஞ்சப்பனின் முகம் அவர் கண்முன் வந்து போனது. விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே ஊர் சிம்மின் ரோமிங்கை அடியோடு நிறுத்திவிட்டார். சென்னியம்மாளின் போனிலும் அப்படியே.

ஒசாகா விமான நிலையத்தில் லோகப்பிரியா அந்த டப்பாவோடு வந்து நின்றாள். தம்பிதுரை அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரயிலில் போகப் போக அது சூடேறியது.

"நெஞ்சுக்கு நேரா சுடுது அம்மணி. ஏதாச்சும் ஆயிப்போகுமா?"

"குடுங்க இங்க" என்று வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார் சென்னியம்மாள். அதில் முறுக்குப் பொட்டலம், பவர் பேங்க், தம்பிதுரையின் பிரஷர் மாத்திரை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. டப்பாவும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

மகளுக்கு வாரத்தில் பாதி நாள் லீவு கிடைக்கவில்லை. அந்த நாட்களில் இருவரும் தாங்களாகவே சுற்றினார்கள். மகள் குடியிருக்கும் தெருவில் முதல் நாள் நடந்தபோதே வேடிக்கை ஆரம்பித்தது. தம்பிதுரை நஞ்சுண்டனிடம் வீடியோவில் பேசிக்கொண்டே வழக்கமான வேகத்தில் போனார். தெருமுனை திரும்பியதும் நஞ்சுண்டனின் முகம் அப்படியே உறைந்து நின்றது.

"நெட் போச்சு!" என்று கத்தினார்.

"எங்கயும் போகலீங்க. நான் இங்கதான இருக்கறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவர் திரும்பி வந்தார். சென்னியம்மாள் ஒரு வீட்டு வாசலில் தொட்டியில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சுண்டனின் முகம் அசைந்தது. இது ஒரு நாளைக்குப் பலமுறை நடந்தது. துணிக்கடை, பாத்திரக் கடை, கத்திக் கடை என்று எதன் முன்னால் வேண்டுமானாலும் சென்னியம்மாள் ஆற அமர நின்றார். கொஞ்ச நேரத்தில் தம்பிதுரையின் கட்டம் போட்ட சட்டை தானாகத் திரும்பி வந்துவிடும். இத்தனை வருஷத்தில் அவர் தன்னைத் தேடித் திரும்பி வருவதைப் பார்ப்பது சென்னியம்மாளுக்குப் புதுசு. சில சமயம் பார்க்க எதுவும் இல்லாவிட்டாலும் நின்றார்.

"சித்தெ வேகமா வா புள்ள."

"உங்களுக்கு நெட்டு வேணும்னா நீங்க மெதுவா வாங்க."

அந்த வியாழக்கிழமை இருவரும் ஒசாகா கோட்டையைப் பார்க்கக் கிளம்பினார்கள். ரயில் மாற வேண்டிய நிலையம், தரைக்குக் கீழே ஒரு ஊர் மாதிரி. நான்கு பக்கமும் கடைகள், வழிகள், நகரும் படிகள். அத்தனை பேரும் நம் தம்பிதுரையைவிட வேகமாக நடந்தார்கள். அவருக்கு உற்சாகமாகிவிட்டது. தன்னைப் போன்ற ஆட்களின் ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி அவர்களோடு சேர்ந்து நடந்தார். ஒரு படியில் இறங்கி, ஒரு படியில் ஏறி, மஞ்சள் பலகை இருந்த பக்கம் திரும்பி, கடைக் கேமராவைப் பார்க்கலாம் என்று போனை எடுத்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எங்க புள்ள இருக்கற?" என்று சலிப்போடு திரும்பினார்.

பின்னால் சென்னியம்மாள் இல்லை.

வந்த வழியே போனார். வந்த வழி என்று அவர் நினைத்தது வேறொரு வழி. ஊர் சிம்மில் ரோமிங்கைத் திரும்பப் போடலாம் என்று பார்த்தால், அதற்கே நெட் கேட்டது. நிலையத்தின் இலவச வைஃபையை அழுத்தினார். அது ஜப்பான் மொழியில் ஏதேதோ கேட்டது. அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நீலச் சீருடை போட்ட நிலையத்துப் பெண் ஒருத்தியிடம் போய், "மை ஒய்ஃப், மிஸ்ஸிங்" என்றார். அவள் தலை தாழ்த்தி, மெல்ல, புரிகிற ஆங்கிலத்தில் கேட்டாள்: கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?

தம்பிதுரை யோசித்தார். ரயிலிலா? ரயிலில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மகள் வீட்டிலிருந்து ரயிலடிக்கு வந்தபோது முன்னால் நடந்தார். சென்னியம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டாளே, அப்போது பார்த்தது. அதை எப்படிச் சொல்வது?

போட்டோ இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். போனைத் தேடினார். ரயில் இருந்தது, உயரக் கட்டடங்கள் இருந்தன, நாய்க்கென்று விற்கும் தீவனப் பைகள் விலைச் சீட்டோடு இருந்தன. சென்னியம்மாள் ஒரு படத்தில் மட்டும், ஒரு பாலத்தின் ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு நின்றுகொண்டிருந்தார். பெரிதாக்கினால் பச்சைச் சேலையும் கலங்கிய ஒரு முகமும்தான் தெரிந்தன. அந்தப் பெண் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு அவரை ஓர் ஓரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு யாருக்கோ போன் செய்யப் போனாள்.

அவரால் நிற்க முடியவில்லை. காலை நேரம், கூட்டம் வந்துகொண்டே இருந்தது. சென்னியம்மாளுக்கு இந்த ஊரில் ஒரு வார்த்தை தெரியாது. பசித்தால் என்ன கேட்பாள்? பயந்து எங்காவது ரயிலில் ஏறிவிட்டால்? போனைக் கையில் பிடித்தபடி அந்த ஓரத்திலிருந்து கொஞ்சம் அக்கட்டத் தள்ளி நடந்தார். தேன்குழல் கடை மாதிரி இருந்த ஒரு பலகாரக் கடையைத் தாண்டினார்.

கையில் போன் அதிர்ந்தது. மேலே ஓரத்தில் வைஃபை கோடு ஒன்று முளைத்திருந்தது. அடுத்தடுத்து நான்கு வாய்ஸ் மெசேஜ்கள் வந்து விழுந்தன.

"ஏனுங்க, எங்க போயிட்டீங்க? நான் ரொட்டிக் கடை முன்னால நிக்கறனுங்க."

"பாப்பாகிட்டச் சொல்லிப்போட்டேன். எடத்த விட்டு நகராதீங்கம்மாங்கறா. ஆபீஸ்ல சொல்லிட்டு வாராளாம். நீங்களும் நின்ன எடத்துலயே நில்லுங்க. இது உங்களுக்கு வருதா இல்லியானே தெரியலையே."

"மாத்திரை எம்பையில இருக்குதுங்க. பசி தாங்க மாட்டீங்களே. கையில காசு வெச்சிருக்கறீங்களா?"

நாலாவதில் பேச்சே இல்லை. கூட்டத்தின் இரைச்சலும், நடுவில் ஒரு பெருமூச்சும்தான்.

தம்பிதுரை போனைக் கண்முன்னே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இடது பக்கம் ஐந்தாறு அடி போனார். கோடு மறைந்தது. திரும்பி வலது பக்கம் வந்தார். ஒரு கோடு. தூணைச் சுற்றிப் போனார். இரண்டு. வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக அவர் நடந்ததே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் நின்று போனைப் பார்த்தார். இடித்துக்கொண்டு போனவர்களுக்கு வழிவிட்டார். மூன்று கோடும் நிறைந்தபோது ரொட்டி வாசனை வந்தது. நிமிர்ந்தார்.

ரொட்டிக் கடைக்கு எதிரே ஒரு பெஞ்சில், பையை மடியில் அணைத்துக்கொண்டு, பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தார் சென்னியம்மாள்.

தம்பிதுரை போனைச் சட்டைப் பையில் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார். சென்னியம்மாள் பையைத் திறந்து மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார்.

"பயந்துட்டியா அம்மணி?"

"மொதல்ல நெம்பப் பயமாத்தான் இருந்துச்சுங்க. அப்பறம் ரோசனை பண்ணினேன். என்னையத் தேடி வராட்டியும் நெட்டத் தேடியாச்சும் வந்துதான ஆகோணும்னு இங்கயே ஒக்காந்துட்டேன்."

அவர் கையிலிருந்த பாட்டில் தண்ணீர் வேட்டியில் சிந்தியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சென்னியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் நல்லது என்று அவருக்குத் தெரியும்.

"உன்னையத்தான் தேடுனேன்" என்றார் தம்பிதுரை.

"செரி, செரி. முறுக்குத் தின்னுங்க."

மூச்சிரைக்க ஓடி வந்த லோகப்பிரியா, இருவரும் முறுக்குத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். முதலில், அப்பா சொன்ன அந்த நீலச் சீருடைப் பெண்ணைத் தேடிப் போய் நன்றி சொன்னாள். அடுத்து மேல்மாடியில் இருந்த ஒரு கடைக்கு அப்பாவைக் கூட்டிப்போய், அவர் வாய் திறப்பதற்குள் ஒரு டேட்டா சிம் வாங்கி அவர் போனில் போட்டுவிட்டாள். தம்பிதுரை விலையைக் கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் விசாரிக்கலாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மூவரும் கியோட்டோவுக்குப் போனார்கள். மலைமேல் ஒரு கோயில், செடிகளுக்கு நடுவே வளைந்து போகும் கல் படிகள். இப்போது தம்பிதுரைக்குத் தனி நெட் இருந்தது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் முன்னால் போகலாம். ஆனால் சென்னியம்மாளைத் தெளிவாக ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்ற நினைப்பில், கீழேயே நின்றுகொண்டார்.

"நீ ஏறு. நான் பின்னால வாரேன்."

சென்னியம்மாள் ஏறினார். வலது காலை எடுத்து வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து, கைப்பிடியைப் பற்றி ஒரு கணம் நின்று, மறுபடி வலது கால். குழந்தைகள் ஏறுகிற மாதிரி. தம்பிதுரை போனை இறக்கினார். விரசாகப் படியேறிப் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"முட்டி வலிக்குதா?"

"படின்னா அப்படித்தானுங்க."

"எப்ப இருந்து?"

"அது ஆச்சு, ரெண்டு மூணு வருசம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

சென்னியம்மாள் கொஞ்சம் யோசித்தார். குறை சொல்லுகிற குரலில் இல்லாமல், இருப்பதைச் சொன்னார். "நீங்க முன்னால ஏறிப் போயிருவீங்க. நான் மேல வந்து சேர்றப்ப வலி போயிருக்குமுங்க."

மேலே போயிருந்த லோகப்பிரியா, "சீக்கிரம் வாங்க, இங்கிருந்து ஊரே தெரியுது" என்று கூப்பிட்டாள். தம்பிதுரை அண்ணாந்து பார்த்தார். படிகள் இன்னும் எவ்வளவோ இருந்தன.

"நீ பாத்துட்டு வா கண்ணு" என்று கத்தினார். "நாங்க எறங்கறோம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு…" என்றார் சென்னியம்மாள்.

"பரவால்ல. கீழ ஒரு ஐஸ்கிரீம் கடை பாத்தேன். பையக் குடு."

பையை வாங்கி ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினார். ஏறி வந்துகொண்டிருந்த ஜப்பான்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, நின்று நின்று, இருவரும் இறங்கினார்கள். அந்தக் கோயிலுக்குள் என்ன சாமி இருக்கிறது என்று இருவருக்கும் இன்று வரை தெரியாது. ஐஸ்கிரீம் பச்சை நிறத்தில் இருந்தது, கொஞ்சம் கசந்தது. சென்னியம்மாளுக்குப் பிடிக்கவில்லை என்று அவருடையதையும் தம்பிதுரையே தின்றார்.