பதினான்காம் எண் வீட்டின் கூரை

சவூதி அரேபியாவின் தம்மாமில் ஓர் ஆகஸ்டு மதியம். பதினான்காம் எண் வீட்டின் வாசற்படியில் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் வெயிலில் இருந்தன. இரண்டிலும் ஊற்றியிருந்த தண்ணீர் வற்றிவிட்டிருந்தது. ஒரு தட்டு துடைத்து வைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. மற்றதில் விளிம்பையொட்டி வெள்ளையாக ஒரு வளையமும் நடுவில் பொருக்காக ஏதோ பொடியும் படிந்திருந்தன. நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு அந்த வீட்டுக்காரம்மா கதவோரம் நின்றிருந்தார். நான் நெருங்கியதும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தட்டுகளைத் தொடாமல் பார்க்கும்படி சொன்னார், அவ்வளவுதான்.

அப்போது நான் ஒரு நிறுவனத்தின் ஊழியர் குடியிருப்புக்குப் பராமரிப்புப் பொறியாளர். வரிசை வரிசையாக, ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற ஒற்றைத் தள வீடுகள். பாலைவனத்துக் கூரையின் ஆயுள் முடிவதற்கான அடையாளங்கள் எனக்கு மனப்பாடம். நீர் புகாமல் இருக்க ஒட்டிய தார்ப்படலம் முதலில் கொப்புளிக்கும். பிறகு இணைப்புகளில் வாய் பிளக்கும். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் மேல்பூச்சில் விரிசல்கள் ஓடும். உள்ளே கம்பி செல்லும் வழியெல்லாம் அடிப்பக்கத்தில் பழுப்புக் கோடு விழும். தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும். அதற்குமேல் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, கூரையையே மாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, லேமினேட் செய்து, மேற்பார்வையாளர்கள் அனைவருக்கும் வழங்கியவன் நான். ஆகஸ்டு மாதத்தில் கூரைமேல் ஏறிப் பார்ப்பது யார் என்பதை மட்டும் அந்த அட்டையில் குறிப்பிட மறந்திருந்தேன்.

ஏறுவதற்கான அவசியம் வந்ததில்லை என்பதுதான் உண்மை. ஆண்டுக்கு நாலைந்து நாள் மழை பெய்தால் செய்தி என்று கொள்ளும் ஊர் அது. அங்கே மேலிருந்து தண்ணீர் சொட்டினால் அது ஏசித் தண்ணீர். இது எங்கும் எழுதிவைக்கப்படாத விதி, ஆகவே யாரும் மீறாத விதி. புகார் வந்தால் முதலில் ஏசிப் பிரிவுக்குப் போகும். அங்கே தலைமை வகித்தவர் லாகூர்க்காரர், நல்ல மனிதர். பதினான்காம் எண் வீட்டிலிருந்து புகார் வந்த மூன்று முறையும் வந்து பார்த்துவிட்டு, “ஏசி கா பானி, பாய். பாரிஷ் மாஃபி” என்று இந்தியையும் அரபியையும் கலந்து தீர்ப்புச் சொன்னார். இது ஏசித் தண்ணீர், மழையே இல்லை, பிறகென்ன ஒழுகல் என்று பொருள். வடிகால் குழாயைச் சுத்தம் செய்ய அவருடைய ஆட்கள் ஏசியை ஒரு நாள் நிறுத்துவார்கள். சொட்டுவது நின்றுவிடும். நோய் தீர்ந்தது என்று எழுதி என்னிடம் அனுப்புவார்கள். காரணம் என்ற கட்டத்தில் ‘ஏசி வடிகால் அடைப்பு’ என்று எழுதி நானும் மூன்று முறை கையெழுத்திட்டேன். என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள்.

தண்ணீர் சொட்டிய அறையில் படுப்பவர் வீட்டுக்காரம்மாவின் கணவர். ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர். விடிந்த பிறகு வந்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டு, மதியம் தாண்டும்வரை தூங்குவார். கூரையில் கறை பரவத் தொடங்கியதுமே அந்த அம்மா கட்டிலை ஹாலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். பள்ளி விடுமுறைப் பிள்ளைகள் இரண்டு ஓடியாடும் ஹாலில் தூங்க முடியாமல் இரண்டே நாளில் அவர் கட்டிலைத் திரும்ப அறைக்குள் இழுத்துவிட்டார். சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டையில் அவர் காட்டிய ஆதாரம் நான் கையெழுத்திட்ட தாள்.

இது எனக்கு அன்று வாசற்படியில்தான் தெரிந்தது. தட்டுகளைக் காட்டி அந்த அம்மா விளக்கினார். ஒன்று, வெளியே ஏசிக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீர். மற்றது, கட்டிலுக்கு மேலே சொட்டுவதை டம்ளர் வைத்துப் பிடித்தது.

“எங்க ஊரு தூத்துக்குடி சார். தண்ணிய வெயில்ல வச்சா என்ன மிஞ்சும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஏசித் தண்ணி ஒண்ணும் வைக்கல. இது பாருங்க, எவ்வளவு வச்சிருக்கு. இது எதுக்குள்ளயோ பூந்து, எதையோ அரிச்சிக்கிட்டு வருது.”

கான்கிரீட்டின் சுண்ணாம்பும் உப்பும் கரைந்து வருகிறது என்று ஒரு சோதனைச்சாலை எனக்கு இரண்டு வாரம் கழித்து ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கும். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் வெயில் போதுமானதாக இருந்தது.

ஒரு மேசனை அழைத்துக்கொண்டு கூரைமேல் ஏறினேன். மேலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் படலம் கொஞ்சம் வாய் பிளந்திருந்தது, எங்கும் மணலும் புழுதியும். கட்டிலுக்கு நேர்மேலே ஒரு சதுரம் வெட்டச் சொன்னேன். மேல்பூச்சு உடைந்தது, படலம் கிழிந்தது, வெயில் தாங்கப் பதித்திருந்த தெர்மோகோல் பலகையை மேசன் இரு கைகளாலும் தூக்கினார். பலகையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. வெட்டிய குழியில் தெளிந்த தண்ணீர் மெல்ல ஊறி நிறைந்தது, அதில் வானம் தெரிந்தது. கடைசி மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத அந்தச் சூட்டில், நான்கு விரற்கடை ஆழத்தில், யாருக்கும் தெரியாமல் ஒரு குளம் இருந்திருக்கிறது. மேசன் கையை நனைத்து மோந்து பார்த்தார். அரை வாழ்நாளைப் பாலைவனத்தில் கழித்த எனக்கு வாய்த்த ஒரே ஊற்று அதுதான்.

பிறகு எல்லாம் புரிந்தது. குளிர்காலத்து மழையும் தொட்டி வழிந்த தண்ணீரும் உள்ளே இறங்கி, வெளியேற வழியின்றித் தங்கிவிட்டன. கோடை வெயில் அந்த ஈரத்தை ஆவியாக்கி மேலிருந்து கீழே அழுத்தியது. ஏசி குளிரவைத்த தளத்தை அடைந்ததும் அது மீண்டும் தண்ணீராகிச் சொட்டியது. ஏசியை நிறுத்தினால் சொட்டாது. நாங்கள் குற்றவாளியைச் சரியாக நெருங்கி, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்றவரைக் கைது செய்திருக்கிறோம்.

கீழே வந்து அந்த அறையின் கூரையைச் சுத்தியலின் கைப்பிடியால் ஓரத்தில் தட்டினேன். சத்தம் கேட்டதும் கை தானாக நின்றுவிட்டது. அது கான்கிரீட்டின் ஒலி இல்லை, காலிப் பெட்டியின் ஒலி. கறுப்புத் துணியின் இருட்டில், அந்தப் பெட்டிக்கு நேர்கீழே, இரவு வேலையின் அலுப்பில் மேலே வெட்டிய சத்தத்துக்கும் விழிக்காமல், கணவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பலாமே என்று அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

“நான் எழுப்பினா திரும்பிப் படுத்துக்குவாக. உங்க பேப்பரைத்தான நம்புதாக. நீங்களே எழுப்புங்க.”

புகார் திறக்க, மூட, மேல்முறையிட, ஒத்திவைக்க என எல்லாவற்றுக்கும் எங்களிடம் படிவம் இருந்தது. இதற்கு இல்லை. தோளைத் தொட்டேன். அவர் பதறி எழுந்து, என்னைக் கண்டதும் லுங்கியை இறுக்கிக்கொண்டு, என்ன சார் என்றார். இங்கே இனிப் படுக்க வேண்டாம், கூரை கெட்டுவிட்டது என்றேன்.

“ஏசினு நீங்கதான சார் எழுதிருந்தீங்க?”

“ஆமா. மூணு தடவையும் தப்பா எழுதிட்டேன். உங்க வீட்ல சொன்னதுதான் சரி.”

அவர் மேலே பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கினார். கட்டிலை நாங்கள் மூவருமாக வெளியே இழுத்தோம். மறுநாள் காலை முட்டுக் கொடுக்கும் கம்பங்களை ஆட்கள் உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே, கட்டில் இருந்த இடத்தில் கூரையின் அடிப்பாகம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. நான் போனபோது புழுதி அடங்கியிருக்கவில்லை. துருவேறிய கம்பிகள் மேலே விலா எலும்புகள்போலத் தெரிந்தன. ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்த கணவர், சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அந்த வரிசை வீடுகளிலிருந்து என் அலுவலகத்துக்குப் புகார்த் தாள்களோடு தட்டுகளும் வரத் தொடங்கின. குமாஸ்தா அவற்றை எந்தக் கோப்பில் வைப்பது என்று கேட்டார். ஆறு வீடுகளின் கூரையை மாற்றினோம். லாகூர்க்காரர் பெருந்தன்மையோடு தம் ஆட்களுக்கும் ஆளுக்கொரு தட்டு வாங்கிக் கொடுத்தார்.

இப்போது மகளோடு ஷார்ஜாவில் இருக்கிறேன். கூரைகளைச் சோதிக்க வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவோடு இளம் பொறியாளர்கள் வருகிறார்கள். ஈரம் தங்கிய இடம் திரையில் ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறது. அருமையான கருவி. முந்தைய ஆள் போட்ட கையெழுத்து சரியா என்பதை மட்டும் அது காட்டுவதில்லை.

பதினான்காம் எண் வீட்டில் புதுக் கூரை வார்த்து, அடுக்குகளெல்லாம் இட்டு முடித்த நாளில், ஒப்படைப்புத் தாளோடு போனேன். விதிப்படி ஊழியர்தான் கையெழுத்திட வேண்டும், குடும்பத்தினர் இட்டால் செல்லாது. கணவரிடம் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கி, அப்படியே மனைவியிடம் கொடுத்தார்.

“அவ பாத்துச் சொல்லட்டும் சார்.”

அந்த அம்மா நைட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினார். மேலே அவர் மெதுவாக நடப்பதும், நிற்பதும், மறுபடி நடப்பதும் எங்களுக்குக் கீழே கேட்டது. அந்த இருபது நிமிடமும் நாங்கள் இரண்டு ஆண்களும் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்களைப்போல அண்ணாந்தபடி நின்றோம். இறங்கி வந்து, சுவரில் தாளை வைத்துத் தமிழில் கையெழுத்திட்டார். பிறகு கணவரிடம், “போய்ப் படுங்க” என்றார்.

நான் அந்தத் தாளை அப்படியே கோப்பில் வைத்தேன்.