இரண்டாவது பெண்டு எங்கே?

போன வாரம் எங்கள் வீட்டில் குழாய்க்கு இன்னொரு வளைவு, கடைக்காரர் பாஷையில் பெண்டு, தேவைப்பட்டது. திருத்தணி பூராவும் தேடினோம். கிடைக்கவில்லை!

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். என் மகள் சுமதிக்கு மஞ்சள் காமாலை வந்து, இப்போதுதான் தேறி வருகிறாள். தினமும் காலையில் அவள் கண்ணின் வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மூச்சே வருகிறது. "தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள், நிறையக் குடிக்கட்டும்" என்றார் டாக்டர். காய்ச்சலாம். ஆனால் மழைக்குப் பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீர் செம்மண் குழம்பு. துணியில் வடிகட்டிக் காய்ச்சினாலும் ஆறிப்போன டீ போலத்தான் இருந்தது. டம்ளரைக் கண்டாலே சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் உதடு வெடித்துக் கிடந்தது. பெற்றவள் நான் என்ன செய்ய?

ஃபில்டர் செய்வதென்று கிளம்பினேன். ஒரு பிளாஸ்டிக் டிரம். அடியில் கூழாங்கல், அதன்மேல் ஜல்லி, கரி, எல்லாவற்றுக்கும் மேலே கழுவிய ஆற்றுமணல். கீழே ஒரு குழாய். அவ்வளவுதானே?

அவ்வளவில்லை. கீழே குழாயைத் திறந்ததும் தண்ணீர் கரியையும் இழுத்துக்கொண்டு தடதடவென்று ஓடியே போய்விட்டது. மேலே மணல் காய்ந்து, பிளந்து கிடந்தது. தண்ணீர் நிதானமாக வடிய வேண்டும், மணலும் நனைந்தே இருக்க வேண்டும் என்றால், கீழே புறப்படும் குழாய் டிரம்முக்கு வெளியே மணல் மட்டத்துக்கும் மேலே ஏறி, அங்கே வளைந்து குடத்துக்குள் விழ வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

"தண்ணி தானா மேல ஏறுமா?" என்று சிரித்தார் என் கணவர். "நாமளே மலைக்குப் படி ஏறித்தாம்மா போறோம்!"

"டிரம்முல தண்ணி எவ்ளோ ஒசரம் நிக்குதோ, அவ்ளோ ஒசரம் குழாய்லயும் ஏறும். பாருங்க."

ஆக, தேவை இரண்டு வளைவுகள். கீழே ஒன்று, மேலே ஒன்று. ஹார்டுவேர் கடைகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். கடைசிக் கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்தே காட்டினார்.

"பெண்டா? ஆடிக் கிருத்திகை வருதில்லீங்க? தண்ணிப் பந்தலுக்கு லைன் போடறவங்க எல்லாத்தையும் வாரிக்கினு போயிட்டாங்க. ஒரே ஒரு எல்போ கீது, எடுத்துக்கினு போங்க. பந்தல் பிரிச்சப்புறம் வந்தீங்கன்னா இன்னொண்ணு தரேன்."

"அதுவரைக்கும் என் பொண்ணு தண்ணி குடிக்காம இருப்பாளாங்க?"

அவர் அந்த ஒற்றை எல்போவைப் பொட்டலம் கட்டி நீட்டினார். வெளியூர் பக்தர்களின் தாகத்துக்கு முன்னால் என் வீட்டுத் தாகம் எடுபடவில்லை.

அந்த எல்போ வளைவைக் கீழே பொருத்தினேன். மேலே வளைப்பதற்கு பி.வி.சி. பைப்பை அடுப்புத் தணலில் காட்டினேன். இளகியது. ஆசையோடு வளைத்தேன்... நடுவில் அமுங்கி, மிதிபட்ட கத்திரிக்காய் மாதிரி சப்பையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு மங்கம்மா அக்கா தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "இன்னாம்மா இது? பைப்பைக் கொன்னுட்டியே!"

எனக்கு அழுகை வந்தது. பைப்புக்காகவா அழுவேன்? உள்ளே சுமதி தண்ணீரைத் தொடாமல் படுத்திருந்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. உள்ளே காலி, அதனால் அமுங்குகிறது. மணல்தான் முற்றத்தில் குவிந்து கிடக்கிறதே! அடுத்த துண்டில் மணலைக் குத்திக் குத்தி நிரப்பினேன். இரண்டு முனையையும் துணியால் அடைத்தேன். சரி, எதன்மேல் வைத்து வளைப்பது? கையால் வளைத்தால் கோணல்மாணலாக வரும். ஒரே சீராக வளைந்த ஏதாவது வேண்டும்.

கண் சுவரோரம் போய் நின்றது. சுமதி பிழைத்ததற்காக மலைக்கு எடுப்பதாக என் கணவர் வேண்டிக்கொண்ட காவடி. மயிலிறகோ பூவோ இன்னும் கட்டவில்லை. அழகாக வளைந்த வெறும் மரம்.

"ஐயையோ, அது சாமி சாமான்!" என்று குறுக்கே வந்து நின்றார் அவர்.

"இன்னும் பூசை போடலையே பாவா," என்றார், அவரை அத்தான் முறை வைத்து அழைக்கும் மங்கம்மா அக்கா. "அதுவரைக்கும் அது மரந்தான்."

உள்ளிருந்து ஒரு குரல். "நைனா, காவடி எனக்காகத்தானே? பைப்பும் எனக்காகத்தானே? அப்புறம் இன்னா?"

அவர் விலகி நின்றார். விலகியதோடு நிற்கவில்லை. ஈரத்துண்டைக் கொண்டுவந்து மரத்தில் அவரே பத்திரமாகச் சுற்றினார்.

பைப்பைத் தணலில் திருப்பித் திருப்பிக் காட்டி, இளகியதும் காவடி மரத்தின்மேல் வைத்து அழுத்தினோம். ஆளுக்கொரு முனை. அக்கா பச்சைத் தண்ணீரை ஊற்றினார். மணலைக் கொட்டிப் பார்த்தால்... ஒரு சுருக்கம் இல்லை! கடையில் இருந்திருந்தால்கூட இத்தனை அழகான பெண்டு கிடைத்திருக்காது.

ஒன்று சொல்லட்டுமா? பயந்துபோன அம்மாக்களிடம் தைரியமாக இரு, தைரியமாக இரு என்று சொல்லிப் பயனில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க நடுக்கமே இல்லை.

பைப்பை எல்போவில் சொருகி, டிரம்மில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. என் கணவர் வாயைத் திறக்கப் போனார் — சொட்டு! அப்புறம் நூல் மாதிரி ஒழுகியது. முதலில் கருப்பு. கொட்டினோம். பிறகு சாம்பல் நிறம். அதையும் கொட்டினோம். அப்புறம் வந்தது பாருங்கள், குடத்தின் அடி தெரிகிற தண்ணீர்!

"ஏறிச்சுடி! ஏறிச்சு!" என்று முற்றத்தில் குதித்தவர் யார் என்கிறீர்கள்? படி ஏறித்தான் போகணும் என்றாரே, அவர்தான்.

காய்ச்சி, ஆறவைத்து நீட்டினேன். சுமதி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு நிறுத்தாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நான் தண்ணி குடிக்கிறத சினிமா பாக்கற மாதிரி பாக்கற?" என்றபடி காலி டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

இரண்டாவது காட்சிக்கும் நான் இடத்தை விட்டு நகரவில்லை!